சீசனுக்கு முன்: இசைக் கலைஞர் சங்கப் பணியிடக் குழுவின் நாட்குறிப்பு

மார்ச் 4

ஒப்பந்தப் படிவத்தைத் திருத்தும் வேலை தொடங்கியது. பழைய படிவத்தில் "நிகழ்ச்சி: மாலை 7 முதல் 9 வரை" என்று ஒரே வரிதான். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏழு மணி நிகழ்ச்சிக்கு மூன்று மணிக்கே வரச் சொல்வார்கள். சாமான் இறக்கி, சவுண்ட் செக் முடித்து, காத்துக் கிடந்து, வாசித்து, மறுபடி வண்டியில் ஏற்றும்போது பதினொன்று ஆகியிருக்கும். எட்டு மணி நேர உழைப்புக்கு இரண்டு மணி நேரக் கூலி.

புதிய படிவத்தில் நான்கு நேரங்களுக்குக் கட்டம் உண்டு: வரச் சொன்ன நேரம், சவுண்ட் செக், மேடையேறும் நேரம், விடுவிக்கும் நேரம். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை எல்லாமே வேலை நேரம். கூடுதல் நேரத்துக்குக் கால் மணிக் கணக்கு. கால் மணி தொடங்கிவிட்டால் அது முழுவதற்கும் கூலி. நிமிடக் கணக்கில் விட்டால் நிகழ்ச்சி முடிந்த பின் நின்று வாதாட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் யாரும் வாதாட மாட்டார்கள்.

அடுத்த விதிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. "பாதுகாப்புக் காரணத்தால் நிகழ்ச்சி நின்றாலோ தள்ளிப்போனாலோ பேசிய தொகை முழுவதும் தரப்படும்; நிறுத்தச் சொன்னவர் மீது எந்த நடவடிக்கையும் கூடாது." கடும் ஆபத்து கண்ணெதிரே இருப்பதாக நியாயமாகக் கருதி விலகும் தொழிலாளிக்கு அதனால் பாதிப்பு வரக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-வது உடன்படிக்கை 1981-லேயே சொல்லிவிட்டது. 2022-ல் அது அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் ஆனது. ஆனால் ஓர் இரவுக்கு மட்டும் கூப்பிடப்படும் கலைஞரை யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை. அடுத்த முறை போன் வராது, அவ்வளவுதான். பணம் போய்விடும் என்று தெரிந்தால் ஷாக் அடிக்கும் மைக்கையும் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் மற்றப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் வெறும் அலங்காரம்.

மார்ச் 6

பதிவும் நேரலையும். "சும்மா, காப்பகத்துக்காகத்தான்" என்று எடுத்த வீடியோ ஆறு மாதம் கழித்து விளம்பரத்தில் வருவது பழகிப்போன சங்கதி. காப்பகம், நேரலை, விளம்பரத் துண்டு, விற்பனை என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம், தனித் தொகை. விளம்பரத் துண்டுக்கு எத்தனை விநாடி என்பதையும் எழுத வேண்டும். டிக் போடாத கட்டம் என்றால் அனுமதி இல்லை என்று பொருள். மௌனம் சம்மதம் ஆகாது.

மார்ச் 11

ஆர்க்கெஸ்ட்ரா குழியில் (மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம்) ஒலி அளக்கும் முறை பற்றி உறுப்பினர்களுக்கான குறிப்பு.

அமெரிக்காவின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு 85 டெசிபல், 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு நெறிமுறை 80, 85 என்று இரண்டு நடவடிக்கை அளவுகளையும் 87 என்ற உச்ச வரம்பையும் வைத்தது. பிரிட்டனில் இதே அளவுகள் இசைத் துறைக்கு 2008 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தன.

கணக்குப் போட்டால்தான் புரியும். மூன்று மணி நேர ஒத்திகையின் சராசரி 91 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் ஏறக்குறைய 86.7. அதே நாள் மாலை அதே அளவில் இன்னும் மூன்று மணி நேரம் வாசித்தால் 89.8. "காலையில் அளந்தோமே, 87 என்ற வரம்புக்குள்தான் இருந்தது" என்று நிர்வாகம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். மாலையைச் சேர்த்தால் அது பொய்யாகிவிடும். கனமான இரண்டு படைப்புகளை ஒரே நாளில் அடுக்காதீர்கள் என்று நிகழ்ச்சி நிரல் போடுபவரிடம் கேட்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அளக்கும்போது தோளில் மாட்டும் டோசிமீட்டர் நல்லது; நேரம் முழுவதும் காதுக்கு வரும் ஒலியைக் கூட்டிக் கணக்கிடும் கருவி அது. அதிகச் சத்தம் வரும் பக்கத்துக் காதருகே மைக் இருக்கட்டும். வயலினுக்கும் வயோலாவுக்கும் அது இடப்பக்கம். வாத்தியமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் பின்னால் ட்ரம்பெட் உட்கார்ந்தால் கணக்கு மாறும். ஒத்திகை முழுவதும் ஓட விட வேண்டும். உரத்த பகுதியை மட்டும் அளந்தால் நிர்வாகம் ஏற்காது, மெல்லிய பகுதியை மட்டும் அளந்தால் நாம் ஏற்கக் கூடாது. செல்போன் செயலி காட்டும் எண்ணை வைத்து எச்சரிக்கலாம், வழக்காட முடியாது.

பிறகு இருக்கை வரைபடம். பித்தளை வாத்தியங்களின் வாய் முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலே போகும்படி மேடைப்படி உயர வேண்டும். படிக்கு இடமில்லாத குழியில் இரண்டு மீட்டர் இடைவெளியாவது வேண்டும். கண்ணாடித் தடுப்பை நடுவில் நட்டு வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய ஏமாற்று. பாதுகாக்க வேண்டியவரின் தலைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால்தான் அது உதவும். தள்ளி வைத்தால் சத்தம் சுற்றி வளைத்து வந்துவிடும். போதாததற்கு ட்ரம்பெட்காரருக்கே அவர் சத்தம் திருப்பி அடிக்கும். அவர் பக்கம் ஒலி உறிஞ்சும் துணி போர்த்திய தடுப்பே சரி.

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் வழக்கு இதற்காகவே படிக்க வேண்டியது. 2012-ல் வாக்னர் ஓபரா ஒன்றின் ஒத்திகையில் பித்தளைப் பிரிவுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா கலைஞரின் செவித்திறன் பாதிக்கப்பட்டது. 2018-ல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; 2019-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. சத்தமே அங்கு விளைபொருள் என்ற வாதம் எடுபடவில்லை. சம்பவத்துக்குப் பிறகு இருக்கைகளை மாற்றியதும் ஒலி குறைந்தது. குறைத்திருக்க முடியும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 13

காதடைப்பான். இடத்தையும் நேரத்தையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். பல இடங்களில் இதிலேயே தொடங்கி இதிலேயே முடித்துவிடுகிறார்கள்.

மஞ்சள் நிற ஃபோம் அடைப்பான் மேல் சுருதிகளை அதிகமாகவும் கீழ் சுருதிகளைக் குறைவாகவும் தடுக்கும். வாசிப்பவருக்குப் பக்கத்து வாத்தியம் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும்; பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவார். எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் வடிகட்டி அடைப்பான்கள் 9, 15, 25 டெசிபல் அளவுகளில் உண்டு. வயலினுக்கு 9 அல்லது 15, டிரம்ஸுக்கு 25 என்று தொடங்கலாம். ஊதும் வாத்தியக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் தனிச் சிக்கல்: காதை அடைத்ததும் சொந்தச் சத்தம் மண்டைக்குள் முழங்கும். காதுத் துளையின் இரண்டாவது வளைவைத் தாண்டி ஆழமாகப் பொருந்தும்படி செவியியல் நிபுணரிடம் அச்செடுத்துச் செய்தால் அது அடங்கும்.

30 டெசிபல் தடுக்கும் அடைப்பானை வேலை நேரத்தில் பாதிக்குக் கழற்றி வைத்திருந்தால் மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு 3 டெசிபல்தான். எப்போதும் போட்டிருக்கக்கூடிய 9, எடுத்து எடுத்துப் போடும் 25-ஐ விட மேல். காசு நிர்வாகத்துடையது, அச்சுக்கும் வடிகட்டிக்கும் சேர்த்து என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

மேடை ஒலியைக் கேட்கக் காதுக்குள் போடும் மானிட்டர் பற்றி ஒரு வரி: ஒரு காதில் மட்டும் போட்டு மற்றதைத் திறந்து வைத்தால், போட்ட காதின் ஒலி தானாக ஏறிக்கொண்டே போகும். இரண்டிலும் போடுங்கள், ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் இருக்கட்டும்.

மார்ச் 19

மின்சாரம்.

மைக்கின் உலோக வலை மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் மேசை) வழியாக எர்த்தில் இருக்கிறது. கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபயர் வழியாக எர்த்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே எர்த் என்றால் பிரச்சினை இல்லை. ஆம்ப்ளிஃபயரின் எர்த் அறுந்து உள்ளே கசிவும் இருந்தால் கையில் ஒரு மின்னழுத்தம், உதட்டில் ஒரு மின்னழுத்தம், நடுவில் இதயம். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார்.

எர்த் எப்படி அறுகிறது? பெரும்பாலும் அறுக்கப்படுகிறது. ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள், அல்லது உள்ளே பச்சை ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுவார்கள். இரைச்சல் நிற்கும், உயிர்ப் பாதுகாப்பும் நிற்கும். சரியான வழி, வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் இடையில் டிஐ பாக்ஸ் என்ற சிக்னல் இணைப்புப் பெட்டியைப் போட்டு அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுவது. அது சிக்னல் ஒயரின் இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும். மின் எர்த் அப்படியே இருக்கும்.

சவுண்ட் செக்குக்கு முன் செய்ய வேண்டியது: எல்லா பிளக்கையும் கையில் எடுத்துப் பார்க்கவும். சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பார்க்கவும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியின் (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அழுத்தவும், விழ வேண்டும். அந்தப் பொத்தான் ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கிறது, எர்த்தைச் சோதிப்பதில்லை. இதை மறந்து "ஆர்சிசிபி இருக்கிறதே" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கடைசியாக மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக் வலையிலும் தொடவும். பூஜ்யத்தை ஒட்டியே காட்ட வேண்டும். மின் விநியோகத்தில் பாதி அளவு காட்டினால் எங்கோ எர்த் இல்லை என்று அர்த்தம். லேசாகச் சுருக்கென்றால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் மேடையேறக் கூடாது.

மார்ச் 22

ஜெனரேட்டர் மேடைகளுக்குத் தனிக் குறிப்பு. ஜெனரேட்டரின் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாமல் மிதந்தால், கசிவு திரும்பிப் போக வழி இல்லாததால் ஆர்சிசிபி விழாமலே போகலாம். இணைப்பு உண்டா என்று தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட சான்று கேட்க வேண்டும். சொந்தமாகத் திறந்து பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 2

திறந்தவெளி மேடை. 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். கட்டுமானம் பலவீனம் என்பது ஒரு பாதி. நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கவோ மக்களை வெளியேற்றவோ யாருக்கு அதிகாரம் என்பதே தெளிவாக இல்லை என்று விசாரணையில் தெரிந்தது மறு பாதி.

ஆகவே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். கூரை எந்தக் காற்று வேகம் வரை தாங்கும் என்று பொறியாளர் எழுதியிருக்கிறார்? கூரை உயரத்தில் காற்றுமானி பொருத்தி அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? நிறுத்தச் சொல்லும் ஒரே நபர் யார், அவர் போன் எண் என்ன? "ஏற்பாட்டுக் குழு" என்று பதில் வந்தால் அது பதில் அல்ல. ஒரு பெயர் வேண்டும். டிக்கெட் விற்பவரின் பெயராகவும் அது இருக்கக் கூடாது.

வெயிலுக்கு: தெர்மாமீட்டர் இருக்கை உயரத்தில், மேடை விளக்குகள் எரியும்போது. அலுவலகச் சுவரில் அல்ல.

ஏப்ரல் 9

பாலியல் தொல்லை, மிரட்டல் தொடர்பான புகார் முறை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கை 2019-ல் நிறைவேறி 2021 ஜூன் 25-ல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எந்த வகை என்று பாராமல் உழைக்கும் எல்லோரையும் அது சேர்த்துக்கொள்கிறது. வேலைக்கான பயணம், உடை மாற்றும் அறை, ஏற்பாட்டாளர் தரும் தங்குமிடம், விருந்து, போன் செய்தி எல்லாமே பணியிடம்தான். நம் தொழிலில் தொல்லை நடப்பது பெரும்பாலும் மேடைக்கு வெளியேதான் என்பதால் இது முக்கியம்.

புகார் பெறுபவர் வாய்ப்புத் தருபவராக இருக்கவே கூடாது. குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். தேதி, இடம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, யார் இருந்தார்கள் என்று அன்றே எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். புகார் சொன்னவரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. இருவரையும் பிரிக்க வேண்டுமானால் புகாருக்கு ஆளானவரை நகர்த்துங்கள். புகார் சொன்னவரை "பாதுகாப்புக்காக" அடுத்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்தால் அவர் கூலியைத்தான் பறிக்கிறோம். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது அறவே கூடாது.

பழிவாங்கல் சத்தமில்லாமல் நடக்கும். அடுத்த மூன்று மாத அழைப்புப் பட்டியலைப் போன சீசன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது குழுவின் வேலை.

ஏப்ரல் 15

சுயதொழில் கலைஞர்களுக்குச் சங்கம் குறைந்தபட்சக் கூலி பேசினால் அது விலைக்கூட்டு, அதாவது போட்டியைக் கெடுக்கக் கூடிப் பேசி விலை வைக்கும் குற்றம் என்ற மிரட்டல் அவ்வப்போது வரும். நெதர்லாந்தில் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு மாற்றாளாக வாசித்தவர்களின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பர் 4 அன்று சொன்னது: பெயரளவில் சுயதொழில், நிலைமையில் ஊழியர் என்றால் அவர்களுக்கான கூட்டு ஒப்பந்தம் போட்டிச் சட்டத்துக்குள் வராது. நேரத்தையும் இடத்தையும் வேலையின் உள்ளடக்கத்தையும் யார் தீர்மானிக்கிறார் என்பதே உரைகல். 2022-ல் ஐரோப்பிய ஆணையம் தனியாள் சுயதொழிலாளர்களுக்கான வழிகாட்டுதலும் வெளியிட்டது. மற்ற நாடுகளில் சட்டம் வேறு. வக்கீலிடம் கேட்காமல் கூலிப் பட்டியலை அச்சடிக்க வேண்டாம்.

ஏப்ரல் 24

வண்டி. விடுவித்த நேரத்துக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே 11 மணி நேரம், பயணம் போக. வாசித்தவரே விடிய விடிய ஓட்டக் கூடாது. ஓட்டுநர் கூலி தனி. வாத்தியக் காப்பீட்டில் "ஆளில்லா வண்டியில் இரவில்" என்ற விலக்கு இருக்கிறதா என்று பார்க்கவும், அநேகமாக இருக்கும்.

ஏப்ரல் 29

நூலிழையில் தப்பிய சம்பவங்களுக்கான படிவம் முடிந்தது. ஒரே பக்கம், பெயர் கட்டாயமில்லை. என்ன நடந்தது, எங்கே, எந்தச் சாமான், யாரிடம் சொல்லப்பட்டது. நிர்வாகம் ஏழு நாளில் பதில் எழுத வேண்டும். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதிவிட்டு, யார் சரிசெய்வார், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டிருந்தால் குழு அதைப் பதிலாக ஏற்காது. அன்றே திருப்பி அனுப்பும்.