பென்சிலில் போட்ட வருகை

ஜனவரி 30 அன்று பகல் 11 மணிக்கு நம் பள்ளியில் ஒரு மணி அடிக்கும். உங்களுக்கும் நினைவிருக்கும். இரண்டு நிமிடம் எழுந்து அசையாமல் நிற்க வேண்டும். ரோட்டில் லாரி போகிற சத்தம், பக்கத்து வகுப்பில் யாரோ இருமுவது எல்லாம் அன்றைக்குத்தான் தெளிவாகக் காதில் விழும். அடுத்த மணி அடித்ததும் உட்கார்ந்து, பாதியில் விட்ட கணக்கைத் தொடருவோம். காந்தியை ஏன் சுட்டார்கள் என்று அந்த வயதில் நான் யோசித்ததே இல்லை. பரீட்சைக்கு அது ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

யோசிக்க வைத்தது 1982 மார்ச். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு.

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நடந்துகொண்டிருந்த நேரம். மார்ச் 1ஆம் தேதி அங்கே இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மூண்ட கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே உலுக்கிப் போட்டன. கடற்கரை ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் நடுவே பல நாள் போக்குவரத்தே இல்லை. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் உறுப்பினராக இருக்கிற நம் பழைய மாணவர் சங்கத்தின் மலரில் இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதாமல் விட்டால் என் பள்ளிக்கூட நினைவு என்று சொல்ல எனக்கு வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

என் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் கடற்கரை ஊர்க்காரன். மத்தியானம் அவன் பாத்திரத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருக்கும், என்னுடையதில் சோறும் புளிக்குழம்பும். ஆறாம் வகுப்பிலிருந்தே பாதிப்பாதி மாற்றிக்கொள்வோம். கலவரச் செய்தி வந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடியவர்கள் கேட்ட முதல் கேள்வி, ‘செத்தது யாரு ஆளு?’ என்பதுதான். எத்தனை பேர், என்ன வயசு, பிள்ளைகுட்டி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அந்தக் கேள்விக்குத்தான் பதிலை எதிர்பார்த்து நின்றேன். பதில் தெரிந்த பிறகுதான் வருத்தப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கூட்டம் அது. அதில் நானும் ஒருவனாக நின்றதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பள்ளி திறந்தபோது கடற்கரைப் பையன்கள் யாரும் வரவில்லை. என் பெஞ்சில் பாதி காலி. முதல் பீரியட் வரலாறு. சார் ரெஜிஸ்டரைத் திறந்து பெயர் கூப்பிட்டார். வராதவர்கள் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, பதில் வருமா என்பதுபோல் வாசலைப் பார்த்தார். பின்பெஞ்சில் ஒருத்தன் சிரித்தான். சார் நிமிரவில்லை. பேனாவை மூடி சட்டைப்பையில் குத்திக்கொண்டு, மேசை இழுப்பிலிருந்து ஒரு குட்டைப் பென்சிலை எடுத்தார். அந்தப் பெயர்களுக்கு நேரே பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். முன்பெஞ்சில் இருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. ‘மக்களே, காந்தியைச் சுட்ட அன்னைக்கு ஜனங்க முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா?’ என்று ஆரம்பித்தார்.

1948 ஜனவரி 30, டெல்லி பிர்லா மாளிகை. பட்டேலோடு பேசிக்கொண்டிருந்ததில் பிரார்த்தனைக்குக் கொஞ்சம் தாமதம். மாலை 5.17க்கு மூன்று குண்டுகள். பத்து நாள் முன்னால்தான் அதே இடத்தில் குண்டு வெடித்திருந்தது. அப்படியும், வருகிறவர்களைப் போலீஸ் சோதனை போடக் கூடாது என்று காந்தி சொல்லிவிட்டார். செய்தி பரவியதும் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: சுட்டவன் எந்த மதம்? முஸ்லிம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அது நின்றிருந்தால் அன்று ராத்திரி எத்தனை வீடு எரிந்திருக்குமோ! சுட்டவன் இந்து என்று அகில இந்திய வானொலி சேர்த்தே அறிவித்தது. ‘ஒரு மகாத்மா செத்த செய்தியக்கூட அப்படிச் சொல்ல வேண்டிய நாடு இது’ என்று சொல்லும்போது சாரின் குரல் கம்மியது. அதன் பிறகும் அடங்கவில்லை. கோட்சேயின் சாதி தெரிந்ததும் மகாராஷ்டிரத்தில் அந்தச் சாதிக்காரர்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், அதுவும் காந்தியின் பெயரைச் சொல்லி. காந்தியின் மகன்கள் மணிலாலும் ராமதாசும் கொலையாளியைத் தூக்கில் போட வேண்டாம் என்று கேட்டார்கள். கேட்டும் பயனில்லை. 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் கோட்சேயையும் அவன் கூட்டாளி ஆப்தேயையும் தூக்கிலிட்டார்கள்.

இங்கே என் பாட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கு விழுந்த வெட்டைப் பாட்டா கதையாகச் சொல்வார். 1947 ஜூலை 25, திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத நிகழ்ச்சி. கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் வெட்டினார், சி.பி. பிழைத்துக்கொண்டார். சில நாட்களிலேயே, தனிநாடாக நிற்போம் என்ற திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர ஒப்புக்கொண்டது. ‘ஒரே வெட்டு, தீர்ந்துது காரியம்’ என்று பாட்டா தொடையில் தட்டுவார். நானும் கைதட்டியிருக்கிறேன். சி.பி. ஆட்சியில் ஜனங்கள் பட்டபாடு உண்மை, பாட்டாவின் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் இப்போது அந்தக் கதையை என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டினால் காரியம் தீரும் என்று கைதட்டிப் பழகிய பிள்ளைதானே அன்று திண்ணையில் ‘யாரு ஆளு’ என்ற கேள்விக்குப் பதில் தேடி நின்றது.

கலவரம் தணிய எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். குன்றக்குடி அடிகளார் கடற்கரை ஊர்களுக்கே நேரில் போய்ப் பேசினார். காவி கட்டிய ஒருவர் மீனவர் குடியிருப்புக்குள் நடந்து போன செய்தியை எங்கள் டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, கடையே அமைதியாகக் கேட்டது.

அந்த வருஷம் அக்டோபர் 2க்கு சார் எங்களைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனார். 1948 பிப்ரவரி 12 அன்று கடலில் கரைப்பதற்கு முன் காந்தியின் அஸ்தியை மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில்தான் மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அவர் இறந்தபோது நடந்துகொண்டிருந்த 79ஆவது வயதைக் கணக்காக வைத்து 79 அடி உயரம். அவருடைய பிறந்தநாளில் உச்சி வெயில் கூரைத் துவாரம் வழியாக அஸ்திக்கலசம் இருந்த பீடத்தில் விழும். அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்தது. பன்னிரண்டு மணி ஆகப்போகிறது, வெளிச்சத்தைக் காணோம். எனக்கு எதுவும் தெரியவில்லை, முன்னால் எல்லாம் பெரியவர்களின் முதுகு. என் பெஞ்சுக்காரன் என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். அவன் திரும்பி வந்து ஆறு மாதமாகியும் அதுவரை நாங்கள் சாப்பாடு மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கவில்லை. மேகம் விலகி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சம் பீடத்தில் விழுந்தது, மங்கியது, மறுபடி விழுந்தது. ‘என்னடே தெரியுது, சொல்லு’ என்று கீழேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது அவன் மஸ்கட்டில் இருக்கிறான். போன மாதம் பேசியபோது அந்தப் பென்சில் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வருஷம் கடற்கரைப் பையன்கள் ஒருத்தனுக்கும் வருகை நாள் குறையவில்லை, எல்லாரும் ஏப்ரலில் பரீட்சை எழுதினோம், எப்படி என்று இத்தனை வருஷமாக யோசித்ததில்லை என்றான்.