நீலக் கதவு

வழக்கில் சிக்கிய பிள்ளைகளைத் தங்கவைத்திருக்கும் இல்லத்துக்கு வாரம் ஒருநாள் ஓவியம் சொல்லித்தரப் போய்வருகிறேன். முதல் நாள் ஒரு பையன் தூரிகையைத் தொடவே இல்லை. மூன்றாம் வாரம் சுவரில் சின்னதாக ஒரு நீலக் கதவு வரைந்தான். கைப்பிடியை மட்டும் நாலு தடவை துடைத்துத் துடைத்து மறுபடி வரைந்தான். அங்கே யாரும் ‘என்ன தப்பு பண்ணினாய்?’ என்று கேட்பதில்லை. எந்த நிறத்தோடு எதைக் கலக்கலாம் என்பதுதான் பேச்சு.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, கலையில் பங்கேற்பது எல்லாக் குழந்தைகளின் உரிமை என்கிறது. எல்லா என்றால் இவர்களும்தான். நன்னடத்தைக்குக் கொடுக்கும் பரிசு இல்லை அது.

ஒரே வருத்தம், வழக்கு முடிந்ததும் வகுப்பும் நின்றுவிடும். வெளியே வந்த பிறகுதானே தெரிந்த முகமும் போய் உட்கார ஓர் இடமும் அதிகம் தேவை? சரி என்று இப்போது அவர்கள் வீட்டருகே சனிக்கிழமை வகுப்பு தொடங்கியிருக்கிறோம். நேற்று அந்தப் பையன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.