வெள்ளைத் தூளெல்லாம் அலுமினா இல்லை

அலுமினா என்று சொல்லிக் கொழும்புக் கடை அனுப்பிய 25 கிலோ வெள்ளைத் தூள் பை இப்பவும் பட்டறை மூலையில்தான் கிடக்கிறது. பையைத் திறந்துவிட்டேனாம், அதனால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். திறக்காமல் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று கேட்டேன். கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

நெல் ஆலைகளில் நெல் சறுக்கி இறங்கும் சரிவுத் தகடுகள் தேயாமல் இருக்க, எபொக்சியில் (இறுகும் பிசின்) உள்தட்டு வார்த்துக் கொடுக்கிறேன். உமியில் இருக்கிற சிலிக்கா எதையும் அராவித் தின்றுவிடும், வெறும் எபொக்சி தாங்காது. கடினமான துணிக்கை கலக்க வேண்டும். யாழ்ப்பாணக் கடைகளில் கேட்டால் வால்வு தேய்க்கிற பேஸ்டைத் தூக்கித் தருவார்கள். அதில் சிலிக்கன் கார்பைட் என்கிற கடினமான தூள் இருக்கலாம், ஆனால் கிரீஸில் குழைத்தது, எபொக்சி பிடிக்காது. "மணற்காட்டு மணலை அள்ளிப் போடன்" என்றார் பக்கத்துப் பட்டறை அண்ணை. கடினத்தை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் குவார்ட்ஸ் மணல் 7, அலுமினா (அலுமினியம் ஒக்சைட்) 9, சிலிக்கன் கார்பைட் அதற்கும் மேலே. அந்த மணலை அரைத்தால் வருகிற தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது வேறு கதை.

கொழும்பில் ஒரு இரசாயனக் கடைக்கு "கல்சைன்ட் அலுமினா, 60 கிரிட்" என்று தெளிவாக எழுதி அனுப்பினேன். கல்சைன்ட் என்றால் சுட்டு நீர் போக்கியது, கிரிட் என்றால் துணிக்கையின் பருமனைச் சொல்கிற எண். வந்தது கோதுமை மா மாதிரி ஒரு தூள். பையில் 'அலுமினா' என்று மட்டும் ஒட்டியிருந்தது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் கொஞ்சம் தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தேன். ஒரு கீறல் விழவில்லை. பிறகு இரும்புக் கிண்ணத்தில் போட்டு பேர்னரில் நன்றாகச் சுட்டு நிறுத்தால், எடையில் மூன்றில் ஒரு பங்கு நீராவியாய்ப் போயிருந்தது. அலுமினியம் ஹைட்ரேட், அதாவது நீர் பிணைந்த, சுடாத வடிவம்! மோஸ் அளவில் 3 சொச்சம்தான். தீப்பிடிப்பதைக் குறைக்கப் போடுகிற சாமான், தேய்மானத்துக்கு இல்லை.

"ரெண்டும் வெள்ளைத் தூள்தானே தம்பி, பைபர்கிளாஸ்காரர் எல்லாரும் இதைத்தான் கொண்டு போறவை" என்றார் கடைக்காரர். அவருடைய இறக்குமதிப் பத்திரப் பிரதியைக் கேட்டேன், தரவில்லை. நீங்கள் காசு கட்டுமுன் கேளுங்கள். சுங்கக் குறியீட்டில் 2818.30 என்றால் ஹைட்ரேட், 2818.20 என்றால் அலுமினா, 2818.10 என்றால் செயற்கைக் குருந்தம் (கடினமான அலுமினாப் பளிங்கு). சிலிக்கன் கார்பைட் 2849.20.

அடுத்து சென்னையில் இருந்து மாதிரி எடுக்கப் பார்த்தேன். தூள் என்றதும் கூரியர்காரர் பாதுகாப்புத் தரவுத் தாள் கேட்டார்கள், சரி. தாள் வந்தது, அதில் கம்பனி முத்திரை இல்லையாம். முத்திரை குத்தி வந்தது, இப்போது அது பிரதியாம், மூலம் வேண்டுமாம். விட்டுவிட்டேன். நாகப்பட்டினம் கப்பலில் வருகிற ஆரிடமாவது கொடுத்து விடச் சொன்னார்கள். பெயர் தெரியாத தூளை இன்னொருவர் பையில் ஏற்றி, அவரைச் சுங்கத்தில் மாட்டிவிட எனக்கு மனமில்லை.

வழி திறந்தது இரத்தினபுரியில். இரத்தினக்கல் தேய்க்கிறவர்கள் சிலிக்கன் கார்பைட்டும் பாவிக்கிறார்களே! அவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் கிரிட் எண்ணைச் சொன்னால் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். 60உம் 220உம் எடுத்தேன். லொறியில் வந்து இறங்கிய கறுப்புத் தூள் கண்ணாடியை இரண்டு தேய்ப்பிலேயே மங்கலாக்கியது. மணலும் கண்ணாடியைக் கீறும், ஆகவே கீறினால் மட்டும் நம்பிவிடாதீர்கள். கறுத்து மினுங்குகிறதா என்றும் பாருங்கள்.

எண் கூடினால் துணிக்கை சிறிது. 600க்கு மேல் வாங்கி ஏமாற வேண்டாம். உராய்கிற பொருளைவிட மிகச் சிறிய துணிக்கை, எபொக்சியோடு சேர்ந்தே பெயர்ந்து போகும். ஈரம் போகத் தூளை மின்சூளையில் (oven) 110 பாகை செல்சியஸில் காய வைத்துவிட்டு எபொக்சியில் கலந்தேன்.

பெரிய துணிக்கை அடியில் படிந்துவிடும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். தேயப்போகிற முகம் அச்சில் கீழே வரும்படி வார்த்தேன். படிந்தது எல்லாம் அந்த முகத்திலேயே போய்ச் சேர்ந்தது! மேல்பக்கம் எபொக்சி கூடுதலாக நிற்பதால் மெல்லிய தட்டு கொஞ்சம் வளையும், தடிப்பாக வார்த்துவிடுங்கள். ஆணித் துவாரங்களையும் அச்சிலேயே விட்டுவிடுங்கள். இறுகிய பிறகு துளைக்கப் போனால் ட்ரில் முனைதான் தேயும்.