டெடி பேர் விற்க நான் பட்ட பாடு

பதினான்கு கரடிகளை இரண்டு கட்டைப்பைகளில் திணித்துக்கொண்டு வாலாஜாப்பேட்டையில் பஸ் ஏறினேன். வேலூர் லாங் பஜார் பக்கம் பொம்மைக் கடை வைத்திருக்கும் ஒருவர் போனில், "கொண்டாங்கம்மா, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். கடையில் ஒரு கரடியை எடுத்துக் காதைத் திருப்பினார், காலைத் திருப்பினார், முதுகைத் தடவினார். தையலைத்தான் பார்க்கிறார் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. "ஐஎஸ்ஐ மார்க் எங்கம்மா?" என்றார். கையால் செய்ததற்கு ஏது மார்க் என்றேன். "அப்ப வேணாம்மா. செக்கிங் வந்தா நான்தான் மாட்டுவேன்." அவ்வளவுதான். பதினான்கும் அதே பைகளில் வீடு திரும்பின. வரும்போது கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார்.

எரிச்சல் கடைக்காரர் மேல் இல்லை. தைக்க ஆரம்பிக்கும் முன்பே, பதிவு ஏதாவது வேண்டுமா என்று ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டவள் நான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலேயே அங்கிருந்தவர், "பொம்மைக்கெல்லாம் எதுக்கும்மா லைசென்சு? போய்த் தைச்சு வித்துக்கோங்க" என்றார். நானும் நம்பி இரண்டு மாதம் தைத்தேன்.

பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்தது; 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இல்லாமல் விற்று மாட்டினால் முதல் தடவையே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். முத்திரை வாங்க ஐஎஸ் 9873 என்ற தரத்தின்படி சோதனைகள் உண்டு: கழன்று விழும் சின்னப் பாகங்கள், தீப்பற்றும் தன்மை, சாயத்தில் ஈயம் மாதிரியான உலோகங்கள். கூடத்து மூலையில் ஒரே ஒரு தையல் மெஷின் வைத்திருப்பவளுக்கு இது கட்டுப்படியாகாது.

ஆனால் அதே ஆணையில் ஒரு விலக்கு இருக்கிறது. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைக்கு முத்திரை தேவையில்லை. இதை எனக்குச் சொன்னவர் எந்த அதிகாரியும் இல்லை, கரிகிரியில் மண்பாண்டம் செய்யும் ஓர் அக்கா. "அடையாள அட்டை வாங்குடி, அப்புறம் யார் கேட்டாலும் நீட்டு" என்றார். இந்த அட்டைக்கு இந்தியில் பெஹ்சான் என்று பெயர்.

இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வேறு, இந்த அட்டை வேறு. உத்யம் இருந்தால் சிறுதொழில் என்று ஆகும். முத்திரையிலிருந்து விலக்கு கிடைக்காது. அந்த உத்யத்திலும் நான் ஏமாந்தேன். தேடியதும் முதலில் வந்த தளம் பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருந்தது, 1,500 ரூபாய் கேட்டது, கட்டிவிட்டேன். உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கிடையாது. முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தொழில் வகையில் பொம்மை, விளையாட்டுப் பொருள் தயாரிப்புக்கு 3240 என்று தொடங்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எனக்குப் பணம் வாங்கிப் பதிந்து கொடுத்தவர்கள் ஆயத்த ஆடை என்று போட்டிருந்தார்கள். திருத்துவது என் தலையில் விழுந்தது.

அட்டைக்கு விண்ணப்பித்தபோது வந்த சிக்கலை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. என் தாத்தாவின் வீட்டுப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். என் ஆதாரில் வேலூர் மாவட்டம். 2019-இல் பிரித்த பிறகு நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம். வீடு ஓர் அடிகூட நகரவில்லை. நான் விண்ணப்பத்தில் ராணிப்பேட்டை என்று போட, ஆதார் வேலூர் என்று சொல்ல, விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆதாரைத் திருத்தி மறுபடி போடுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் இதை முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்பதையும்தான்.

நேரில் சோதிக்க வந்தவர் நல்ல மனிதர். "மெஷின்ல தைக்கிறது எப்படிம்மா கைவினை?" என்று கேட்டார், நியாயமான கேள்விதான். உடம்புத் தையல் மட்டும்தான் மெஷின் சார், வெட்டுவது, கைகால் பூட்டுவது, முகம் எல்லாம் கையால் என்று சொல்லி, பாதியில் இருந்த ஒரு காலில் பஞ்சை அடைத்து, மறைதையல் போட்டு இழுத்துக் காட்டினேன். தையல் உள்ளே போய் மறைந்ததும் அவர் விரலால் தடவித் தேடினார். பதினோரு வருடம் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்த கை என்னுடையது.

அட்டை வந்துவிட்டது. ஆனாலும் கடைகளுக்குக் கொடுப்பதை விட்டுவிட்டேன். கைவினைஞர் 'செய்து விற்கும்' பொருள் என்றுதான் ஆணையில் இருக்கிறது. கடைக்காரர் விற்றால் அந்த விலக்கு அவருக்கும் சேருமா என்று வாதாட எனக்குத் தெம்பில்லை. நானே விற்கிறேன்.

விலக்கு இருக்கிறது என்பதற்காகக் கண்ணில் மட்டும் விளையாடாதீர்கள். முதல் பதினான்கு கரடிகளுக்கும் கண்ணைப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். என் நாத்தனார் பையன், ஒன்றரை வயது, சாயங்காலத்துக்குள் ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டான். வாய்க்குப் போகும் முன் பிடித்தோம். அந்தக் கடைக்காரர் வாங்காமல் விட்டதற்கு அன்றைக்குத்தான் மனதாரக் கும்பிட்டேன். பதினான்கையும் பிரித்தேன். இப்போது பின்னால் வாஷர் போட்டு இறுக்கும் கண்தான். அதையும் பஞ்சு அடைக்கும் முன்பே பூட்டிவிட வேண்டும், பூட்டிய பிறகு குறடால் முழு பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கண்ணும் மூக்கும் நூலால் எம்பிராய்டரிதான், பேச்சே இல்லை.

பஞ்சிலும் பாடம் படித்தேன். இலவம் பஞ்சு சுலபமாகக் கிடைக்கிறதே என்று அடைத்தேன். துவைத்ததும் கட்டி கட்டியாகத் திரண்டு, கரடிக்கு வயிற்றில் ஏதோ நோய் வந்த மாதிரி ஆகிவிட்டது. பாலியெஸ்டர் பைபர் வாங்குங்கள், மாதிரிக் கரடி ஒன்றை வாளியில் முக்கித் துவைத்துப் பாருங்கள்.

முடி வைத்த பர் துணிக்குச் சென்னை பாரிமுனைதான். காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். முதல் தடவை வாங்கிய மூன்று மீட்டரையும் முடி சாயும் திசை பார்க்காமல் வெட்டித் தொலைத்தேன். தலையில் கீழ்நோக்கியும் வயிற்றில் மேல்நோக்கியும் முடி வளர்ந்த, கரண்ட் அடித்த கரடிகள். துணியின் பின்பக்கம் அம்புக்குறி போட்டுக்கொண்டு, கத்தரி நுனியால் அடித்துணியை மட்டும் வெட்ட வேண்டும். முடியை வெட்டினால் ஓரம் மொட்டையாகிவிடும். வெட்டும்போது ஃபேன் போடக் கூடாது, முடி வீடு முழுக்கப் பறக்கும். மே மாதத்தில் எங்கள் ஊரில் ஃபேன் இல்லாமல் பர் துணியோடு உட்கார்ந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். மார்ச்சுக்குள் வெட்டி முடித்து அடுக்கிவிடுவது என் வழி.

விலையில் நான் அசடு. 14 அங்குலக் கரடிக்குப் பொருள் மட்டும் 300 ரூபாய், எட்டு மணி நேர வேலை, 450-க்குக் கொடுத்தேன். அதற்கும், "ரோட்டுல 250-க்குத் தர்றானே" என்றார்கள். இப்போது 1,100. கேட்பவர்கள் குறைந்தார்கள், பேரம் பேசுபவர்கள் அடியோடு காணாமல் போனார்கள்.

வரி பற்றிக் கேட்பவர்களுக்கு: மாநிலத்துக்குள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், நமக்கு அந்தக் கவலையே இல்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போதுதான் கவனம். பெரும்பாலும் கையால் செய்த துணிப் பொம்மை கைவினைப் பட்டியலில் இருப்பதால் சின்ன அளவுக்குப் பதிவில்லாமல் அனுப்பலாம். ஆனால் பான் எண்ணும், சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் வேண்டும், ஒரே ஒரு கரடியாக இருந்தாலும். பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய ஒரு பார்சல் இதனாலேயே நான்கு நாள் வீட்டில் கிடந்தது.

இப்போது என்னிடம் அதிகம் கேட்பது பர் கரடி இல்லை. இறந்துபோன அம்மாவின் புடவையில், அப்பாவின் சட்டையில் கரடி தைத்துக் கேட்கிறார்கள். பழைய துணி இழுத்தால் கிழியும், உள்ளே ஒட்டுக் கேன்வாஸ் வைத்தே தைக்க வேண்டும். வெட்டும் முன் துணியைப் போட்டோ எடுத்து அனுப்பி, எந்த இடம் முகத்துக்கு வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தப்பாக வெட்டினால் இன்னொரு புடவை கிடைக்காது. பாதிப் பணம் முன்பணம்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து ஒரு பாட்டி, அவர் தங்கையின் சுங்குடிப் புடவையைத் தபாலில் அனுப்பியிருந்தார். உறைமேல் நடுங்கின எழுத்தில் என் பெயர், தெரு, வாலாஜாப்பேட்டை, வட ஆற்காடு மாவட்டம். பின்கோடு சரியாக இருந்ததால் மூன்றாம் நாளே வந்துவிட்டது.