சுவரோரம் போன நாற்காலிகள்

நீண்ட நாள் தங்கும் நோயாளிகளுக்கான வார்டில் ஏழு வருடம் நர்ஸாக இருந்தேன். அங்கே பொழுதுபோக்கு அறை என்று ஒன்று உண்டு. டிவி, சீட்டுக்கட்டு, பழைய பத்திரிகைகள், பதினாறு நாற்காலிகள் என்று எல்லாம் இருந்தும் பேச்சுச் சத்தமே கேட்காது. உடம்புக்கு முடியாதவர்கள், பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மருந்து கொடுக்கப் போனபோது, பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன பெரியவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ சொல்லப் பார்த்தார். நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டி ஒரே வரிசை. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க இடுப்பைத் திருப்ப வேண்டும், அது அவரால் முடியாது. இரண்டு தடவை கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

1950களிலேயே ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு முதியோர் வார்டில் இதைக் கவனித்திருக்கிறார் என்று பின்னால் படித்தேன். நாற்காலிகளை மேசைகளைச் சுற்றிப் போட்டதும் சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆனால் முதலில் அங்கிருந்தவர்களே அவற்றைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்களாம், பழக்கம் அப்படி.

சரி, நாமும் செய்வோம் என்று மாலையில் மேசைகளைச் சுற்றிப் போட்டுவிட்டுப் போவேன். காலையில் வந்தால் பழையபடி சுவரோரம். கோபமாகத்தான் கேட்டேன். துப்புரவு வேலை செய்யும் அக்கா, "நடுவுல கெடந்தா மாப் போட முடியல சிஸ்டர், பதினாறையும் நகத்தணும், முதுகு விட்டுப்போவுது" என்றார். சுருக்கென்றது. அந்த அறையில் தினமும் குனிந்து நிமிர்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் நானாக முடிவெடுத்திருந்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, இரண்டு மேசை, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாற்காலி, நாலாவது பக்கம் சக்கர நாற்காலிக்குக் காலி, மீதியை வெளியே எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

மேசை வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் முன்பின் தெரியாதவரோடு பேச்சு வரும். 1855இல் துருக்கியில் இருந்த ஸ்குடாரி ராணுவ மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் சிப்பாய்களுக்குப் படிக்கவும் கடிதம் எழுதவும் இடம் ஏற்படுத்தினார். வெறுமனே உட்காரச் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் அந்தப் பெரியவர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு கையால் விரித்துப் பிடிக்க முடியாதே, அதனால் ஒரு தடித்த புத்தகத்தை நிறுத்தி வைத்து, அதன் பக்கங்களுக்கு நடுவே சீட்டுகளைச் செருகியிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் சொல்லிக்கொடுத்த வழியாம்.