வீடு விற்கும்போது ஏஜெண்ட் கமிஷன்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் தரை வீட்டைச் சித்தப்பா விற்கப் போகிறார். "ஏஜெண்ட் மூணு பர்சண்ட் கேக்குறாரு, அதான் கவர்மெண்ட் ரேட்டாம்" என்று நேற்று போன்.

பாதிதான் உண்மை. 3% என்பது உச்சவரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு என்பது நம் பேரத்தில் இருக்கிறது. 2 சதவீதத்துக்கு ஒத்துக்கொள்பவர்களும் உண்டு. 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு போனால் 3% கணக்கில் 18,000. ஏஜெண்டின் நிறுவனம் எஸ்எஸ்டிக்கு (விற்பனை, சேவை வரி) பதிவு பெற்றிருந்தால் அதன்மேல் 8% வரி, இன்னொரு 1,440. இந்த வரியைச் சிலர் கடைசி நேரத்தில்தான் வாயில் எடுப்பார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கொடுப்பது விற்பவர்தான். வாங்குபவர் பக்கம் வேறொரு ஏஜெண்ட் வந்தால், இருக்கிற கமிஷனை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். அது அவர்கள் பாடு.

கையிலிருந்து காசு போகாததால் பலருக்கு இது உறைப்பதில்லை. வாங்குபவர் முதலில் 2 அல்லது 3% புக்கிங் பணம் கட்டுவார். பெரும்பாலும் அது ஏஜெண்ட் நிறுவனத்தின் கிளையண்ட் கணக்கில் (வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்கு) கிடக்கும். எஸ்பிஏ, அதாவது விற்பனை ஒப்பந்தம், கையெழுத்தானதும் கமிஷனை அதிலேயே கழித்துக்கொள்வார்கள். ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்குப் பணம் போகிறதென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

அப்புறம், ஏஜெண்டின் ஆர்இஎன் எண்ணை (பதிவு எண்) வாங்கி, சொத்து ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். சித்தப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். "அவரு நம்ம கோயில் ஆளுடா" என்கிறார். இருக்கட்டும் சித்தப்பா, நம்பர் கேளுங்க.