காகம் இல்லாத ஏரி

பெரியப்பாவின் நோட்டுகள் மொத்தம் பதினொன்று. எல்லாம் கோடு போடாதவை. ஓவிய ஆசிரியர் அல்லவா. 1988 முதல் 2003 வரை ஞாயிறுதோறும் வாலாஜாபேட்டையிலிருந்து சைக்கிளில் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போய், கரைமேல் நடந்து, கண்ட பறவைகளை எழுதி வைத்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஒரு கூழைக்கடா, ஒரு நத்தைகுத்தி நாரை. சென்ற தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, "இதையெல்லாம் கணினியில் ஏற்ற முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியும் என்றேன். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவள். வரிசையும் கட்டமும் எனக்குச் சோறு போடுகிறவை. இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வேறு சொல்லிவிட்டேன்.

ஏற்ற வேண்டிய இடம் இ-பேர்டு, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் இணையதளம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது. 2002 முதல் இருக்கிறது. பட்டியலைக் கையால் ஒவ்வொன்றாகவும் இடலாம், விரிதாளில் தட்டி மொத்தமாகவும் இடலாம். மொத்தமாக இடுவதற்கு இறக்குமதி என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் இறக்குமதி என்றால் கப்பலில் வரும் பச்சைத் தோல். அங்கே சுங்கத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பதைப் போல, இங்கேயும் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரிசையையும் சரிபார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

தட்டியது 1,846 வரிசை. முதல் முறை ஏற்றியபோது முக்கால்வாசி திரும்பி வந்தது.

திரும்பி வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் என் தவறு, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த தவறு. மாநிலம் என்ற பத்தியில், நோட்டில் இருந்தபடியே "வட ஆற்காடு" என்று போட்டிருந்தேன். அது கேட்பது தமிழ்நாட்டுக்கான இரண்டெழுத்துக் குறியீடு. (நோட்டின் தலைப்புகளில் மாவட்டத்தின் வரலாறே இருக்கிறது: முதலில் வட ஆற்காடு, 1989-க்குப் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர். பெரியப்பா எழுதுவதை நிறுத்திய பிறகு, 2019-இல், அதே ஏரி ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது.) பறவைகளின் பெயர்கள் பறவையியலாளர் சாலிம் அலி காலத்து ஆங்கிலம், செண்பகத்துக்கு க்ரோ ஃபெசன்ட், மடையானுக்கு பேடி பேர்டு. இன்றைய பட்டியலில் அவை கிரேட்டர் கூக்கல், இந்தியன் பாண்ட் ஹெரான். தளம் ஒவ்வொரு பழைய பெயரையும் நீட்டி, இது எது என்று கேட்கிறது. பொறுமையாகப் பதில் சொன்னால் போதும். குறிப்புப் பத்தியில் "கொக்கு, நாரை, கூழைக்கடா கலந்து" என்று காற்புள்ளி போட்டிருந்தேன். கோப்பில் காற்புள்ளிதான் பத்தி பிரிக்கும் வேலி என்பதால், நாரை ஒரு பத்தி தள்ளி உட்கார்ந்து, அதன் பின்னால் இருந்த எல்லாம் ஆளுக்கொரு பத்தி நகர்ந்துவிட்டன. குறிப்பை மேற்கோள் குறிக்குள் வைத்ததும் சரியானது. தமிழ்க் குறிப்புகள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தன. சேமிக்கும்போது, தமிழ் எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்ற குறிமுறையைத் தேர்ந்தெடுக்காததால்.

எண்ணிக்கைப் பத்தியில் ஒரு வேடிக்கை. "10-15" என்று பெரியப்பா எழுதியிருந்த இடங்களில் விரிதாள் தானாகவே அதை அக்டோபர் 15 ஆக்கியிருந்தது. பதினைந்து நாமக்கோழிகள் ஒரு தேதியாகிவிட்டன. இது உலகம் முழுவதும் உள்ள நோய்தான். மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரை விரிதாள் தேதியாக மாற்றுகிறது என்பதற்காகவே 2020-இல் அந்தப் பெயர்களை அறிவியலாளர்கள் மாற்றினார்கள். அந்தப் பத்தியை முதலில் எழுத்து வடிவம் என்று குறித்துவிட்டு, அந்த இடங்களை மறுபடி தட்டினேன்.

மூன்று இரவில், தளம் சிவப்பில் காட்டிய பிழையெல்லாம் போய்விட்டது. பெரியப்பாவைக் கூப்பிட்டு, முடிந்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரு மின்னஞ்சல். இந்தப் பகுதியின் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: 1996 ஜூலை 1 அன்று காவேரிப்பாக்கத்தில் ஊசிவால் வாத்து நாற்பது என்று பதிந்திருக்கிறீர்கள், உறுதிதானா? ஊசிவால் குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருவது. எனக்கு அது தெரியாது. பெரியப்பாவைக் கேட்டேன். "ஜூலையில் அந்த ஏரியில் மாடு மேயும் அம்மா, வாத்து எங்கே நீந்தும்?" என்றார்.

நோட்டைப் பார்த்தேன். 7/1/1996. நமக்கு அது ஜனவரி ஏழு. அந்தக் கோப்பின் முறையில் மாதம் முன்னால், நாள் பின்னால். 14/1 என்று எழுதியிருந்தால் பதினான்காவது மாதம் ஏது என்று உடனே துப்பியிருக்கும். சிவப்பில் வந்தவை அவைதான், அவற்றைத் திருத்தியும் விட்டேன். பன்னிரண்டுக்கு உட்பட்ட நாட்கள் அத்தனையும் சத்தமே இல்லாமல் வேறு மாதத்துக்குக் குடிபோயிருந்தன. பறவை வலசை வருவதாக இருந்ததால் ஒன்று மாட்டியது. மடையான் ஜனவரியிலும் உண்டு, ஜூலையிலும் உண்டு. அதை யார் கேட்பார்கள்?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: பொருந்தாத தொகை பயமில்லை, தேடினால் கிடைக்கும். தப்பாக எழுதியும் பொருந்திவிட்ட தொகைதான் பயம்.

விடியற்காலையில் ஒரு யோசனை. பெரியப்பா போனது ஞாயிற்றுக்கிழமைகளில். 1996 ஜனவரி 7 ஞாயிறு; ஜூலை 1 திங்கள். தேதிக்குப் பக்கத்தில் கிழமை காட்டும் பத்தி ஒன்று சேர்த்தேன். ஞாயிறு அல்லாதவை வரிசையாக எழுந்து நின்றன. பள்ளி விடுமுறையில் போன நாட்களை ஒதுக்கிவிட்டு மீதியைத் திருப்பினேன். "மார்கழி 12" என்று தமிழ்த் தேதியில் எழுதியிருந்த சில பக்கங்களுக்கும் கிழமையே கைகொடுத்தது. ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் போகும், ஞாயிறாக இருப்பதை எடுத்துக்கொண்டேன்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. உதாரணத்துக்கு, மே 9-ம் செப்டம்பர் 5-ம் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். ஜூலை 11-ம் நவம்பர் 7-ம் அப்படியே. மாறிப்போனாலும் கிழமை காட்டிக் கொடுக்காது. 1993-லும் 1999-லும் இந்த நான்கு நாளும் ஞாயிறு. இப்படிப்பட்ட பக்கங்களை நோட்டோடு வைத்துக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு தவறு கிடைத்தால் அதன் உறவினர்களும் அருகில்தான் இருப்பார்கள். நடந்த தூரம் என்ற பத்தியில் 3 என்று போட்டிருந்தேன், பெரியப்பா எழுதியபடி கிலோமீட்டரில். கோப்பு எதிர்பார்ப்பது மைல். ஒரு நாள் நடையை ஒவ்வொரு வாரமும் 4.8 கிலோமீட்டராக நீட்டியிருக்கிறேன். ஒரு எச்சரிக்கையும் இல்லை. 1.86 என்று மாற்றினேன். இருபத்து மூன்று வரிசைகளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தன. 12.90, 79.46 என்பது காவேரிப்பாக்கம். திருப்பிப் போட்டால் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டின் பனியாறுகள். இரண்டும் பூமியில் உள்ள இடங்கள்தான். எண்ணை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரைபடத்தைத் திறந்த பிறகுதான் நம் தவிட்டுக்குருவிகள் துருவக் கரடிகளோடு இருப்பதைப் பார்த்தேன்.

கடைசியாகக் கிடைத்தது எல்லாவற்றையும்விட மோசம். கண்ட பறவைகள் எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று ஒரு பத்தி. ஆம் அல்லது இல்லை. இவ்வளவு பொறுமையாக எழுதியவர் எதையாவது விட்டிருப்பாரா என்று எல்லாவற்றுக்கும் ஆம் போட்டேன். ஆம் என்றால், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று அர்த்தம். ஆய்வு செய்பவர்கள் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். பெரியப்பாவின் பதினொரு நோட்டிலும் ஒரு காகம் கிடையாது. மைனா கிடையாது.

தொலைபேசியில் கேட்டேன்.

"பெரியப்பா, நீங்கள் ஏரியில் காகம் பார்த்ததே இல்லையா?"

"காகத்தை யாராவது எழுதுவார்களா? என் பொட்டலத்தில் பாதி இட்லி அதுதான் தின்னும்."

ஆக என் புண்ணியத்தில் பதினைந்து ஆண்டுகள் காவேரிப்பாக்கம் ஏரியில் காகம் என்ற இனமே இல்லை. அத்தனை பட்டியலையும் ஒவ்வொன்றாகத் திறந்து இல்லை என்று மாற்ற இன்னும் பத்து நாள் ஆனது.

போன ஞாயிறு பெரியப்பாவிடம் திரையில் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நோட்டில் "நிறைய", "எண்ண முடியவில்லை" என்று எழுதியிருந்த இடங்களில் எண் கேட்கும் தளத்துக்கு நான் எண்ணைக் கற்பனை செய்யவில்லை. இருந்தது, எண்ணவில்லை என்பதற்கு அங்கே எக்ஸ் என்ற எழுத்தை ஒப்புக்கொள்கிறார்கள், அதைப் போட்டிருந்தேன். 1991 டிசம்பர், நீலத் தாழைக்கோழி, எக்ஸ். அதன்மேல் விரலை வைத்தார்.

"இது நான் கண்ணால் பார்த்ததம்மா. எதற்குத் தப்புப் போட்டிருக்கிறாய்?"